போட்டுப் பார்த்தது

அன்று அன்புக்கரசி வீட்டுக்குள் ஐந்து பேர் இருந்தோம். தெருவில் நின்ற காருக்குள் இரண்டு பேர். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் குழப்பம் வராது.

அன்புக்கரசி தையல் மெஷினுக்கு முதுகைக் காட்டி முக்காலியில். அவள் கணவன் செங்குட்டுவன் வாசற்படியில். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, முதல் ஷிப்ட் முடிந்து வந்த கோலம், கழுத்து மடிப்பில் கரித்தூள் இன்னும் கழுவவில்லை. மகள் பொற்கொடி உள்ளறைக் கதவோரம் தரையில். டவுன்ஷிப்பில் பெண்கள் துணிக்கடை வைத்திருக்கும் தேவயானி, வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில். உட்காருவதற்கு முன் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து இருக்கையில் விரித்துக்கொண்டார். நான் துணி வெட்டும் பலகையின் ஓரத்தில், மடியில் அட்டையும் வெள்ளைத்தாளும். வடக்குத்தில் மனு, விண்ணப்பம், மன்னிப்புக் கடிதம் எதுவானாலும் என்னைக் கூப்பிடுவது வழக்கம்.

காரில் ஸ்டியரிங் முன்னால் கொளஞ்சிநாதன். சுரங்கத்தில் பெர்மனன்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பின் சீட்டில் அவர் மனைவி கஸ்தூரியம்மாள். அந்த அம்மாள் இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு மட்டும் இறக்கி வைத்திருந்தார். அந்த இரண்டு விரல் சந்து வழியாகத்தான் எங்கள் தெருக் காற்று அவர் மேல் பட அனுமதி.

நடுவில், கட்டிலின் மேல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறைக்குள் கவுன்.

கடிதம் அந்தக் கவுனைப் பற்றியது. கஸ்தூரியம்மாளின் மகள் மலர்விழிக்கு வெள்ளிக்கிழமை மாலை வரவேற்பு. இது நடந்தது செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு. வெங்காயத் தோல் நிறத்தில் தரையைக் கூட்டுகிற நீளத்துக்குப் பாவாடை. மார்புப் பகுதி மட்டும் நான்கு அடுக்கு. அந்த அடுக்குகளுக்கு நடுவே பதினான்கு பிளாஸ்டிக் பட்டைகள், உடம்பை நிமிர்த்திப் பிடிப்பதற்கு. கடையில் அந்தப் பட்டையை ‘போன்’ என்பார்கள். அன்புக்கரசி அதை எலும்பு என்று மாற்றிக்கொண்டாள். “போன் குத்துதுன்னா என் வூட்டுக்காரு சட்டப் பைய தடவிப் பாக்கறாருண்ணே” என்று ஒருமுறை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். ஒவ்வோர் எலும்பையும் அளவுக்கு வெட்டி, வெட்டிய முனையை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, உருகி வரும்போது ஈரத்துணியால் அழுத்தி மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் துணியைத் துளைத்து விலாவில் ஏறிவிடும். பதினான்கு எலும்புக்கு இருபத்தெட்டு முனை. அவள் கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் வெந்து தடித்திருந்தது.

தேவயானி கடையில் தலையில்லாத துணிப் பொம்மை ஒன்று நிற்கிறது. அன்புக்கரசிக்கு அதில் நம்பிக்கை கிடையாது.

“பொம்ம மூச்சு உடாதுண்ணே. குந்தாது. சோறு துன்னாது. கல்யாணப் பொண்ணு இதெல்லாம் செய்யும் இல்ல? ஒரு வா சோறு உள்ள போனா வயிறு ரெண்டு வெரக்கட ஏறும். அப்ப எலும்பு எங்க போயி முட்டுதுன்னு பாக்கணும்.”

அதற்கு அவள் வைத்த பெயர் ‘மூச்சு பாக்கறது’. எலும்பு வைத்த கவுனோ, மடிப்பெல்லாம் பிடித்துத் தைத்து இடுப்பில் ஜிப் வைத்த ரெடி சேலையோ, யார் அளவோ அந்த அளவுள்ள உடம்பில் அரை மணி நேரம் போட்டு, நடந்து, குனிந்து, சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போகும். ஒல்லி அளவென்றால் பொற்கொடி. பருமன் அளவென்றால் அன்புக்கரசியே. ஐந்து வருடமாக இதுதான் முறை. தேவயானிக்கும் தெரியும். “போட்டுப் பாத்துட்டுதானே அனுப்புறீங்க?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குகிறவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அன்புக்கரசி தேவயானிக்கு வாட்ஸப்பில் பேசி அனுப்பியது இது:

“மேடம், கவுனு முடிஞ்சிது. பொற்கொடி போட்டுகினு நின்னுச்சி, குந்துச்சி, குனிஞ்சிது, ஒரு தட்டு சோறு துன்னுச்சி. எங்கயும் குத்தல. எடது கையோரம் ஒரே ஒரு எலும்பு ஒராஞ்சிது, அத மழுக்கி வெச்சிட்டன்.”

வேலை செய்தவள் வேலையைப் பற்றிச் சொன்ன செய்தி. தேவயானி அதில் ‘முடிஞ்சிது’ என்பது வரைதான் கேட்டார். கேட்டதும் அப்படியே கஸ்தூரியம்மாளுக்குத் தள்ளிவிட்டார், கூடவே ஒரு கும்பிடு படமும். கஸ்தூரியம்மாள் கடைசி வரை கேட்டார். நாத்தனாருக்குப் போட்டுக் காட்டினார். நாத்தனார் வழியாக அது சம்பந்தி வீடு வரைக்கும் போய்விட்டது.

எங்கள் தெருப் பெண் அந்தக் கவுனுக்குள் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாள். குற்றம் அவ்வளவுதான்.

பொற்கொடி எழுந்து போய்ப் பெட்டிக்கடையிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தாள், மூடி உடைக்காதது. எங்கள் தெரு வீட்டு டம்ளரில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றைத் தேவயானி வாங்கிக்கொண்டார். இன்னொன்றைக் கார் கண்ணாடியிடம் நீட்டினாள். சந்து வழியாக பாட்டில் போகவில்லை. கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கி, பாட்டிலை வாங்கி, மறுபடி ஏறிக்கொண்டது.

“அண்ணா, நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. சிம்பிளா நாலு வரி போதும்” என்றார் தேவயானி. “அந்தம்மா ரொம்ப அப்செட். லெட்டர் கையில குடுத்தா சம்பந்தி வீட்டு குரூப்ல போட்டுட்டு விஷயத்த முடிச்சிடுவாங்க.”

அனுப்புநர் எழுதினேன். பெறுநர் எழுதினேன். பொருள் என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, காத்திருந்தேன்.

“‘என் மகள் பொற்கொடி, எனக்குத் தெரியாமல், தங்கள் கவுனை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.’ எழுதுங்க.”

‘எடுத்து’ வரைக்கும் எழுதியிருந்தேன்.

“போட்டுப் பார்த்தாள்னு எழுதலாங்களா?” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“இல்லீங்க. போட்டுப் பார்த்தாள்னா அது வேல. போட்டுக்கொண்டாள்னா ஆச. எனக்குத் தெரியாமல்னு முன்னாடி சேத்துட்டா திருட்டு.”

தேவயானி என்னைப் பார்த்த பார்வையில், எழுத வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று இருந்தது. “அன்புவே வாய்ஸ்ல ‘போட்டுகினு’ன்னுதான் சொல்லியிருக்காங்க. அத்தன பேர் கேட்டாச்சு. இப்ப மாத்தி எழுதினா நம்புவாங்களா?”

“எங்க பேச்சில எல்லாத்துக்கும் கினுதாங்க மேடம்” என்றாள் அன்புக்கரசி. “அடுப்ப பாத்துகினு, ஆட்ட புடிச்சிகினு, பஸ்ஸுக்கு நின்னுகினு. மழ பேஞ்சிகினு இருக்குதுன்னு சொல்றன். மழ என்னா ஆசப்பட்டுகினா பேயிது?”

பொற்கொடி கீழே குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

“நீங்கதான மேடம் போட்டு பாத்து அனுப்ப சொல்லுவீங்க?”

“மெதுவா பேசுங்க அன்பு.” தேவயானி தெருப்பக்கம் பார்த்தார். “அத இப்ப சொல்லி யாருக்கு லாபம்? என் கடை பேரும் போயிடும். அப்புறம் உங்களுக்கு நான் எங்கேர்ந்து வேலை குடுக்கறது? சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சிட்டான்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்க.”

செங்குட்டுவன் படியிலிருந்தபடியே பேசினான். “எழுதிக் குட்து அனுப்பு. இன்னமா வளத்திகினு இருக்கற. சைட்டுல தெனம் எதுனா ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கறான். படிச்சிப் பாத்தா போடறோம்?”

“அது உன் கையெழுத்து. இதுல இருக்கறது எம் பொண்ணு பேரு.”

“பேருக்கு என்னா தேஞ்சா பூடும்?”

“தேயாது. ஒட்டிகினு நிக்கும். நாளிக்கி விருத்தாசலம் பஸ்ஸுல காலேஜுக்குப் போவ சொல்லோ, கவுனு திருடின பொண்ணு போவுது பாருன்னு நாலு பேரு செல்லுல எடுத்து காட்டுவான்.”

செங்குட்டுவன் கழுத்தைத் தேய்த்தான். விரலில் கரி வந்தது. அதைப் படியில் துடைத்தான்.

அன்புக்கரசி திரும்பி மெஷினைப் பார்த்தாள். அவளுக்கு இந்தக் கடை ஒன்றுதான் நிலையான வேலை. ஜாக்கெட் தைக்கும் வீடுகள் டவுன்ஷிப்பில் நூறு இருக்கின்றன. எலும்பு வைத்த கவுன் கொடுக்கும் கடை இது ஒன்று. அதில் அவளுக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஒளித்து வைக்கத் தெரியாது அவளுக்கு. ஒரு புதுக் கழுத்து வெட்டு வந்துவிட்டால் தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டுவாள்.

“எழுதுங்கண்ணே” என்றாள். “அவங்க சொல்ற மாதிரியே.”

எழுதினேன். போட்டுக்கொண்டாள் என்றுதான் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள். அன்றைக்கு அந்த வரியும் நன்றாகத்தான் வந்திருந்தது. பேனாவை அன்புக்கரசியிடம் கொடுத்தேன். தாளை மெஷின் பலகையில் வைத்துக் குனிந்தாள்.

அப்போது கார்க் கதவு திறந்தது.

காரின் ஏசியை நிறுத்தியவர் கொளஞ்சிநாதன். “ஒரு மணி நேரமா ஓட்டிகினு இருந்தா டீசல் என்னாத்துக்கு ஆவறது” என்று அவர் சொன்னது தெரு முழுக்கக் கேட்டது. கஸ்தூரியம்மாள் வியர்த்துப்போய் இறங்கினார். உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வந்த அலங்காரம். சாம்பல் பச்சையில் ரெடி சேலை, இடுப்பில் கல் வைத்த பெல்ட், ஒரு மடிப்பு கலையவில்லை. படியோரம் வந்ததும் செங்குட்டுவன் எழுந்து விலகினான். அந்த அம்மாள் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

“தேவயானி, அத இப்படி வெளிச்சத்துக்குக் கொண்டாங்க.”

தேவயானி உறையின் ஜிப்பைத் திறந்து, கவுனை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனார். கஸ்தூரியம்மாள் அதன் தோள் பகுதியைச் சுண்டு விரலால் தூக்கினார். உள்பக்கத்தைத் திருப்பச் சொன்னார். பிறகு குனிந்து, அக்குள் மடிப்புக்குள் மூக்கை வைத்து மோந்தார்.

இடது பக்கம். அப்புறம் வலது பக்கம்.

நான் எத்தனையோ வீட்டு வழக்குகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். எதிரெதிரே நின்று காறித் துப்பிக்கொண்டவர்களுக்கு நடுவிலும் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். வீட்டுப் படியேறக் கூசுகிற ஒருத்தி, அந்த வீட்டுப் பெண்ணின் அக்குளை மோந்து பார்க்கக் கூசவில்லை என்பதை அன்றுதான் கண்டேன். கண்ணை மூடி, மூச்சை இழுத்து நிறுத்தினார். பொற்கொடி இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, உள்ளங்கைகளை அக்குளில் செருகிக்கொண்டாள். அவளுக்கே தெரியாமல் செய்தாள்.

“வாட ஒண்ணும் இல்ல” என்றார் கஸ்தூரியம்மாள். இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் போல.

“ஸ்டீம் அயர்ன் பண்ணி குடுப்பாங்கம்மா, நல்லா நீட்டாதான்…” என்று தேவயானி தொடங்கினார்.

“சோறு துன்னாளாமே. என்னா கொழம்பு?”

தேவயானி கவுனின் உள்பக்கத்தை மறுபடி உள்ளே மடக்கினார்.

“கேக்கறன்ல? கருவாடா?”

“தயிர் சோறுங்க” என்றாள் அன்புக்கரசி. “கழுத்துலேர்ந்து முட்டி வரைக்கும் பழைய பெட்சீட்டு சுத்திதான் குடுத்தன். ஒரு பருக்க படல.”

“சரி, சரி. டிரைவாஷ் குட்து எடுத்துக்கறன். கையெழுத்து போட்டாச்சா?”

“போடறாங்கம்மா. ஒரு வார்த்தையில கொஞ்சம்…” என்றார் தேவயானி.

“என்னா வார்த்த? வெய்யில்ல மனுசாள நிக்க வெச்சிகினு! அதயே போட்டுகினு ஒழப்பிகினு இருக்காம சட்டுனு முடிச்சிக் குடு!”

வெயில் செய்த வேலை அது. டவுன்ஷிப்பில் பழகிய பேச்சு உருகி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துப் பிறந்த வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிட்டது.

“நீங்களும் போட்டுகினுன்னுதான் சொல்றீங்க” என்றாள் பொற்கொடி. அன்று மதியம் அவள் பேசிய முதல் வார்த்தை.

கஸ்தூரியம்மாளின் முகம் கறுத்தது. “வாய பாத்தியா? தப்பும் செஞ்சிட்டு.”

அன்புக்கரசி பேனாவை மூடினாள். மூடியை அழுத்திய சத்தம் கேட்டது.

“கவுனு வேணுங்களா உங்களுக்கு?”

“வேணாம்னா? வெள்ளிக்கெழம எம் பொண்ணு மேடையில கோணிய கட்டிகினா நிப்பா?”

“அப்ப கவுனு வேணும். போட்டு பாத்த ஒடம்புதான் வேணாம்.”

“இந்தாம்மே, மரியாதயா பேசு. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க இருந்தா எதுக்கு இந்தப் பேச்சு வருது?”

“அன்பு, வேணாம்” என்றார் தேவயானி. என்ன வரப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இருங்க மேடம். அவங்களுக்குத் தெரியணும் இல்ல? அம்மா, நீங்க கட்டிகினு இருக்கீங்களே இந்த சேல, இதுவும் நாந்தான் தெச்சேன். உங்க இடுப்பும் நாப்பத்திநாலு, எனக்கும் நாப்பத்திநாலு. இத போட்டு பாத்தது நானு. இந்த முக்காலிலதான் குந்தி எழுந்திரிச்சன். மடிப்பு தெறிக்குதான்னு பாக்க அந்தத் தெருவு கோடி வரைக்கும் நடந்துட்டு வந்தன். அதான் ஒரு மடிப்பு கலையாம நிக்கறீங்க.”

கஸ்தூரியம்மாள் குனிந்து தன்னைப் பார்த்தார். கை இரண்டும் உடம்பிலிருந்து தானாக விலகின. எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் நின்றன. முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைக்கப் போனவர், பாதியில் முந்தானையை விட்டுவிட்டார். நடுத்தெருவில் அவிழ்த்துப் போட முடியாத சேலை. அவிழ்ப்பதற்கும் பக்கவாட்டு ஜிப்பை யாராவது இழுத்துவிட வேண்டும்.

“நீங்க சொல்லவேயில்லயே தேவயானி” என்றார் கடைசியில். குரல் அழுவது போல வந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை.

கொளஞ்சிநாதன் ஹாரன் அடித்தார். அந்த அம்மாள் திரும்பிப் போய்க் காரில் ஏறினார். சாய்ந்து உட்காரவில்லை. தன் மேல் இருக்கும் துணி தன் மேல் படாமல் இருக்க வேண்டும் என்பதுபோல, சீட்டின் நுனியில், விறைத்து உட்கார்ந்திருந்தார். கவுனை மட்டும் கை நீட்டி வாங்கி, பக்கத்தில் போட்டுக்கொண்டார். அதை விட்டுவிட்டுப் போகவில்லை.

தேவயானி திரும்பி வந்தார். மெஷின் பக்கத்திலிருந்த கடைப் பெயர் போட்ட லேபிள் சுருளை எடுத்தார். எலும்புப் பட்டைக் கட்டு, வெட்டி வைத்திருந்த இரண்டு ரெடி சேலைத் துணி, எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்தார்.

“உங்கள நான் எவ்ளோ நல்லவிதமா வெச்சிருந்தேன் அன்பு. ஒரு கையெழுத்துல முடிய வேண்டியது.”

“முடிஞ்சிருக்கும் மேடம். எம் பொண்ணு பேரும் சேந்து முடிஞ்சிருக்கும்.”

நாற்காலியில் விரித்த கைக்குட்டையை எடுக்காமலே தேவயானி வெளியேறினார். அதை இனிக் கைப்பைக்குள் வைத்துக்கொள்ள முடியாது போலும். பொற்கொடி அதைத் துடைப்பக்குச்சியால் தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். கையால் தொடவில்லை.

“ஏண்டி, நல்ல துணிதான அது?” என்றான் செங்குட்டுவன்.

“வாட அடிக்குதுப்பா.”

கார் போன பிறகு அன்புக்கரசி நான் எழுதிய தாளை நான்காகக் கிழித்தாள். கிழித்துவிட்டு முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மெஷின் பலகை காலியாக இருந்தது. வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்லுவா?” என்றாள்.

“எந்தப் பொண்ணு?”

“மலர்விழிக்குண்ணே. பின்னால கயித்த கீழேர்ந்து மேல இறுக்கினுதான் வரணும். மேலேர்ந்து இறுக்கினா எலும்பு பதினாலும் விலாவுல போயி குத்தும், மேடையிலயே மயக்கம் போட்டுடும். எப்பவும் மேடங்கிட்ட வாயால சொல்லி அனுப்புவன். இன்னிக்கி எங்க சொன்னன்? லெட்டருதான கேட்டாங்க? எழுதுவோம்.”

“வேல போச்சி. இன்னும் அவங்களுக்கு வழி சொல்லிகினு இருக்கற” என்றான் செங்குட்டுவன்.

“தெச்சது நானு. அது மூச்சு முட்டி வுழுந்தா யாரு தெச்சதுன்னுதான் கேப்பான்.”

மலர்விழி டவுன்ஷிப்பில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். வியாழக்கிழமை வரைக்கும் வேலைக்கு வருவாள் என்று பொற்கொடிக்குத் தெரிந்திருந்தது. வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் யார் கைக்குப் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். வங்கி விலாசமே எழுதினேன். அன்புக்கரசி சொல்லச் சொல்ல, பேச்சை எழுத்தாக்கினேன்:

‘மலர்விழி அவர்களுக்கு, வடக்குத்து அன்புக்கரசி எழுதுவது. உங்கள் வரவேற்புக் கவுனைத் தைத்தவள் நான். பின்பக்கக் கயிற்றைக் கீழிருந்து மேலாக இறுக்கவும். இறுக்குபவர் உங்கள் முதுகில் முழங்காலை வைத்து இழுக்கக் கூடாது. உடுத்துவதற்கு முன் சோடா, கலர் குடிக்க வேண்டாம். உட்காரும்போது முதலில் பாவாடையைப் பின்னால் தள்ளிவிட்டு, நிமிர்ந்தபடியே உட்காரவும். சோறு சாப்பிடலாம், பயப்பட வேண்டாம். கடந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கவுனை என் மகள் பொற்கொடி அரை மணி நேரம் போட்டுப் பார்த்தாள். நான் சொல்லிப் போட்டுப் பார்த்தாள். நின்றாள், உட்கார்ந்தாள், சாப்பிட்டாள். இடது கையோரம் ஓர் எலும்பு அவள் தோலைக் கீறியது. அதைச் சரிசெய்துவிட்டேன். உங்களைக் கீறாது.’

“நல்லா இருக்கணும்னு ஒரு வரி போடலாமா?” என்று கேட்டேன்.

அன்புக்கரசி கொஞ்சம் யோசித்தாள். “அந்தப் பொண்ணு நம்மள ஒண்ணும் சொல்லல. போடுங்க.”

போட்டேன். கீழே கையெழுத்திட்டாள். பொற்கொடி தன் பெயரையும் பக்கத்தில் எழுதினாள்.

மறுநாள் காலை தபால் நிலையம் திறந்ததும் மூவரும் போனோம். ஸ்பீட் போஸ்ட் சன்னலில் இருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அனுப்புறவங்க விலாசம் எங்க?” என்றாள். வேண்டுமென்றே நான் விட்டிருந்தேன். எங்கள் தெருப் பெயரைப் பார்த்ததும் உறையை வாங்க மறுப்பார்களோ என்று. பொற்கொடி பேனாவை வாங்கி, கதவு எண், தெருப் பெயர், வடக்குத்து எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதினாள். அன்புக்கரசி பசையைத் தொட்டு மடிப்பு முழுக்கத் தடவி, வெந்த கட்டை விரலால் ஓரம் ஓரமாக அழுத்தி ஒட்டினாள். சன்னல் பெண் முத்திரையை ஓங்கிக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்கில் போட்டாள்.